பனிக்காலத்தில் வீட்டுக்குள் அமைதியான பொழுதுபோக்குகள்: தொடங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடும் பனிப்பொழிவுள்ள குளிர்காலத்தில் மனத்தைச் சோர்வடையச் செய்வது குளிரைக் காட்டிலும் நீண்ட மாலைப்பொழுதுதான். வட அட்சம் 60 பாகையில் உள்ள ஊர்களில் டிசம்பர் மாதத்தின் மிகக் குறுகிய நாளில் சூரியன் ஏறத்தாழ 6 மணி நேரமே அடிவானத்துக்கு மேலே இருக்கும். மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிட்டால், உறங்கும் நேரம் வரையிலான ஆறேழு மணி நேரத்தை ஒவ்வொரு நாளும் எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்வி எழுகிறது. பெரும்பாலானோர் அதைத் திரைகளைக் கொண்டு நிரப்புகிறார்கள். மணிக்கணக்கில் பார்த்த பிறகும் ஓய்ந்த நிறைவு கிடைப்பதில்லை. கைகளுக்கு வேலையும் கண்களுக்கு இதமும் தந்து, நாளுக்கு நாள் சிறிதளவாவது வளர்வதைக் காட்டும் ஒரு பொழுதுபோக்கு அந்த நிறைவைத் தருகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்குத் திறமை முதல் தேவை அன்று. சோர்ந்திருக்கும் மாலையில் 'இன்று என்ன செய்யலாம்' என்று யோசிக்க வேண்டிய நிலை வந்தாலே கை தானாகக் கைப்பேசியை நாடும். ஆகவே வேலை ஏற்கெனவே விரித்து வைக்கப்பட்டு, விளக்கு அருகில் இருந்து, நாற்காலியில் அமர்ந்தவுடன் தொடரக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். கீழ்வரும் படிகள் அனைத்தும் அந்த ஏற்பாட்டை நோக்கியவையே.

முதற்படி: வெளிச்சத்தைச் சரிசெய்தல்

பொருள்களை வாங்குவதற்கு முன்பே வெளிச்சத்தைக் கவனிக்க வேண்டும். புதிதாக விழுந்த பனி தன்மீது படும் ஒளியில் 80 முதல் 90 விழுக்காடு வரை திருப்பி அனுப்புகிறது; அதனால் மேகமூட்டமான நாளிலும் பனி மூடிய முற்றத்தைப் பார்த்த சன்னலருகே நல்ல வெளிச்சம் இருக்கும். உச்சிப்பொழுதை ஒட்டிய இரண்டு மணி நேரத்தை அந்தச் சன்னலருகே கழிக்க முடிந்தால், நுணுக்கமான வேலைகளை அப்போது செய்துகொள்ளலாம். மாலைக்கு இரண்டு விளக்குகள் தேவை. ஒன்று அறை முழுவதற்கும் மெல்லிய மஞ்சள் ஒளி தருவது; பெட்டியின் மேல் 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) என்று குறிக்கப்பட்டிருக்கும் பல்புகள் இதற்குப் பொருந்தும். மற்றொன்று கழுத்தை வளைக்கக்கூடிய மேசை விளக்கு. அதன் ஒளி 4000 கெல்வின் அளவில் சற்று வெண்மையாக இருந்தால் நிறங்கள் தெளிவாகத் தெரியும். வலக்கையால் எழுதுபவர்கள் மேசை விளக்கை இடப்புறத்திலும், இடக்கையால் எழுதுபவர்கள் வலப்புறத்திலும் வைத்தால் கையின் நிழல் வேலையின் மேல் விழாது.

குளிர்காலம் வந்தாலே ஆண்டுதோறும் மனம் ஆழமாகத் தாழ்ந்துபோகும் நிலையைப் பருவகால மனச்சோர்வு என்று மருத்துவம் அடையாளம் கண்டிருக்கிறது. மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் 1984-இல் அதை விரிவாக விவரித்தார்கள். அதற்கான ஒளிச் சிகிச்சையில், காலையில் 10,000 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) ஒளி தரும் பெட்டியின் முன் ஏறத்தாழ 30 நிமிடம் அமர்வது வழக்கம். சாதாரண வீட்டு அறையின் வெளிச்சமோ சில நூறு லக்ஸைத் தாண்டுவது அரிது. கண்நோயோ இருமுனை மனநிலைக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இத்தகைய பெட்டியைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமும் பசியும் குலைந்து, எதிலுமே நாட்டமில்லாமல் போனால், அதைப் பொழுதுபோக்கால் சமாளிக்க முயலாமல் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

இரண்டாம் படி: இடத்தையும் காற்றையும் ஆயத்தப்படுத்துதல்

தனி அறை வேண்டியதில்லை. ஒரு நாற்காலியும், வேலையைக் கலைக்காமல் அப்படியே விட்டுச் செல்லக்கூடிய ஒரு சிறு மேசையும் போதும். சாப்பாட்டு மேசையில் விரித்தால் ஒவ்வொரு வேளைக்கும் எடுத்து மடிக்க நேரும், ஒரு வாரத்திலேயே ஆர்வம் வடிந்துவிடும். மேசைக்கு இடமில்லையென்றால் ஓரம் உயர்ந்த அகலமான தட்டு ஒன்றில் எல்லாவற்றையும் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

வெப்பமூட்டும் கருவிகள் ஓடும் வீடுகளில் காற்று மிக வறண்டுபோகும். வெளியிலுள்ள குளிர்ந்த காற்றில் நீராவி குறைவு. அதே காற்று உள்ளே வந்து சூடேறும்போது அதன் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் உண்மையில் இருக்கும் பங்கு, வீழ்கிறது. விரல்நுனிகள் வெடிப்பதும், கம்பளி நூலில் நிலைமின்சாரம் சுருக்கென்று பாய்வதும், தாள்கள் சுருள்வதும் இதனால்தான். ஈரப்பதத்தை 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பது நல்லது. அதற்கு ஒரு சிறிய அளவுமானியும் தேவைப்பட்டால் ஈரப்பதமூட்டியும் உதவும். சன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் நீர் வழியத் தொடங்கினால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். பசையோ வண்ணமோ பயன்படுத்தும் நாளில் எவ்வளவு குளிராக இருந்தாலும் சன்னலைச் சில நிமிடங்கள் திறந்து வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: எதைத் தேர்ந்தெடுப்பது

பனிக்காலம் முழுவதற்கும் ஒரு கைவேலையும் ஒரு கண்வேலையும் போதும். கைவேலை என்பது பின்னல், தையல், தாள் மடிப்பு, புத்தகக் கட்டு போன்றது. கண்வேலை என்பது சன்னல் வழியாகப் பறவைகளைப் பார்த்துக் குறிப்பது, பனிப்படிகங்களைக் காண்பது, வாசிப்பது போன்றது. ஆர்வ மிகுதியில் ஐந்தாறு வேலைகளுக்குப் பொருள்களை வாங்கிக் குவிப்பவர்களுக்கு எதுவுமே கைகூடுவதில்லை. தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகள் கேட்டுப்பாருங்கள். இடையில் எந்த நொடியிலும் நிறுத்திவிட்டு எழ முடியுமா? நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வளர்ச்சி கண்ணுக்குத் தெரியுமா? மின்சாரம் நின்றாலும் மின்கல விளக்கின் ஒளியில் தொடர முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வருவது நல்ல தேர்வு. பனிப்புயல் வந்தால் கடைக்குச் செல்ல இயலாது என்பதால், தேவையானவற்றை முதல் பெரும் பனிக்கு முன்பே வாங்கிவிடுவது அவசியம்.

இவற்றுள் தொடங்குபவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது கம்பளிப் பின்னல். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவதால் மனம் அதன் சீரில் அமைந்துவிடுகிறது. செய்த வேலையும் அந்தக் குளிருக்கே பயன்படும் பொருளாக முடிகிறது.

நான்காம் படி: முதல் கழுத்துத் துண்டைப் பின்னுதல்

நடுத்தரத் தடிமனுள்ள கம்பளி நூலில் 100 கிராம் உருண்டைகள் மூன்று, 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள பின்னல் ஊசிகள் ஒரு சோடி, ஒரு கத்தரிக்கோல், அகலக் காதுள்ள மழுங்கிய ஊசி ஒன்று, நுனியில் கொக்கியுள்ள ஒரு குரோஷா ஊசி ஆகியவை வேண்டும். நூல் வெளிர் நிறத்தில் வழவழப்பாக இருக்கட்டும். கறுப்பு நூலிலும் மயிரிழைகள் சிலிர்த்து நிற்கும் நூலிலும் கண்ணிகளை, அதாவது ஊசியில் மாட்டியிருக்கும் நூல் வளையங்களை, பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம். மூங்கில் ஊசி நூலைச் சற்றுப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கண்ணிகள் வழுக்கி விழுவது குறையும்.

நூலின் நுனியில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் விட்டு, இழுத்தால் இறுகும் ஒரு சுருக்கு முடிச்சைப் போட்டு இடக்கை ஊசியில் மாட்டுங்கள். இதுவே முதல் கண்ணி. வலக்கை ஊசியின் நுனியை அந்தக் கண்ணிக்குள் இடமிருந்து வலமாக, முன்புறத்திலிருந்து பின்புறம் நுழையுங்கள். உருண்டையிலிருந்து வரும் நூலை அந்த நுனியின் மேல் பின்னிருந்து முன்னாக ஒரு சுற்றுச் சுற்றி, சுற்றிய நூலை மட்டும் கண்ணி வழியாக முன்னால் இழுத்தால் புதிய வளையம் ஒன்று கிடைக்கும். அதை இடக்கை ஊசியில் மாட்டிவிட்டால் இரண்டாம் கண்ணி ஆயிற்று. இப்படியே 36 கண்ணிகள் சேர்க்க வேண்டும். இத்தகைய நூலிலும் ஊசியிலும் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஏறத்தாழ 18 கண்ணிகள் வரும் என்பதால், துண்டின் அகலம் 20 சென்டிமீட்டர் அளவில் அமையும்.

அடுத்து வரும் வரிசைகளிலும் அசைவு அதுவே. ஒரேயொரு வேறுபாடு, இழுத்த புதிய வளையத்தை இடக்கை ஊசிக்குத் திருப்பித் தராமல் வலக்கை ஊசியிலேயே வைத்துக்கொண்டு, பழைய கண்ணியை இடக்கை ஊசியிலிருந்து நழுவ விடுவது. நுழை, சுற்று, இழு, நழுவ விடு என்ற நான்கு அசைவுகளை மெதுவாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே முதல் சில வரிசைகளைப் பின்னுவது உண்மையிலேயே உதவுகிறது. வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றி அடுத்ததைத் தொடங்குங்கள். எல்லா வரிசைகளையும் இப்படியே பின்னினால் இருபுறமும் ஒன்றுபோல் மேடுகள் தெரியும் துணி உருவாகும். அதன் ஓரங்கள் சுருளா. இரண்டு வரிசைக்கு ஒரு மேடு என்பதால் மேடுகளை எண்ணியே வரிசைகளின் கணக்கை அறியலாம்.

தொடங்குபவர்கள் திகைப்பது பெரும்பாலும் ஓரத்தில்தான். 36 ஆக இருந்த கண்ணிகள் பத்து வரிசைக்குள் 40 ஆகிவிட்டால், வரிசையின் தொடக்கத்தில் நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போயிருக்கிறது என்று கொள்ளலாம். அப்போது முதல் கண்ணியின் இரு கால்களும் ஊசியின் மேல் ஏறி இரண்டு கண்ணிகள்போல் தோற்றம் தரும். வரிசையைத் தொடங்குமுன் நூலைக் கீழ்நோக்கி இழுத்து, ஊசிக்கு அடியாகப் பின்புறம் கொண்டு சென்றால் இது நேராது. கண்ணி ஒன்று நழுவி ஏணிப்படிகள்போல் கீழே இறங்கிவிட்டால் பதற வேண்டாம். விழுந்த கண்ணிக்குள் குரோஷா ஊசியை விட்டு, ஒவ்வொரு படியையும் கொக்கியால் பிடித்து அதன் வழியே இழுத்து மேலேற்றலாம். அந்த இடத்தில் மேடுகள் சற்றுப் பிசகினாலும் துணி பிரியாது. பத்து வரிசைக்கு ஒருமுறை கண்ணிகளை எண்ணிப் பார்ப்பது இந்தத் தொல்லைகளையெல்லாம் சிறியதாகவே நிறுத்திவிடும்.

நீளம் 150 சென்டிமீட்டரை எட்டியதும் முடிக்கலாம். இரண்டு கண்ணிகளைப் பின்னி, முதலாவதை இரண்டாவதன் தலைக்கு மேலாகத் தூக்கி ஊசியிலிருந்து இறக்குங்கள். இன்னொன்றைப் பின்னி, மீண்டும் அப்படியே செய்யுங்கள். இறுக்கி இழுக்காமல் தளர்வாகவே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் சுருங்கிவிடும். கடைசிக் கண்ணியில் நூலை வெட்டி அதன் வழியே இழுத்து, தொங்கும் நுனிகளை மழுங்கிய ஊசியால் துணிக்குள் கோத்து மறைத்துவிடலாம். துவைக்கும்போது இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, முறுக்காமல் துணியொன்றில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, தட்டையாக விரித்து உலர்த்துங்கள்.

ஐந்தாம் படி: பனிப்படிகங்களைக் காணுதல்

கண்வேலைகளுள் பனிக்காலத்துக்கே உரியது இது. வேறு எந்தப் பருவத்திலும் செய்ய இயலாத இந்தப் பொழுதுபோக்குக்குப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியும், கறுப்புத் துணி ஒட்டிய ஓர் அட்டையும் போதும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்னும் சிற்றூரில் வாழ்ந்த விவசாயி வில்சன் பென்ட்லி, நுண்ணோக்கியையும் ஒளிப்படக் கருவியையும் இணைத்து 1885 சனவரி 15 அன்று தனியொரு பனிப்படிகத்தை முதன்முதலில் படமெடுத்தார். 1931-இல் இறக்கும் முன் 5000-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்திருந்தார். விழும் பனியைக் கரிய பலகையில் ஏந்தி, நல்ல படிகத்தை ஒரு குச்சியின் நுனியால் எடுத்துக் கண்ணாடி வில்லையில் வைத்து, இறகால் மெல்ல அழுத்தி அவர் பணி செய்தார். அவருடைய பொறுமை கற்றுக்கொள்ளத் தக்கது.

அட்டையையும் உருப்பெருக்கியையும் குறைந்தது அரை மணி நேரம் முன்பே வெளியில் வைத்துக் குளிரவிடுங்கள்; சூடான துணியில் விழும் படிகம் கண் பார்க்குமுன் உருகிவிடும். காற்று அடங்கிப் பனி மெல்ல விழும் வேளையில், நன்கு உடுத்திக்கொண்டு வாசலிலோ மாடி முகப்பிலோ நின்று அட்டையைச் சில நொடிகள் நீட்டிப் பிடியுங்கள். மூச்சுக்காற்று படிகத்தைக் கரைத்துவிடும் என்பதால், பார்க்கும்போது மூச்சை அடக்குவதோ துணியால் வாயை மூடிக்கொள்வதோ நல்லது. வெப்பநிலையைக் குறித்துக்கொள்வது இந்தப் பழக்கத்துக்குச் சுவை கூட்டும். ஏனெனில் மேகத்தின் வெப்பநிலையும் ஈரமும்தான் படிகத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. சுழியத்துக்குக் கீழ் 2 பாகை செல்சியஸ் அளவில் மெல்லிய தகடுகளும், 5 பாகை அளவில் ஊசிகளும் தூண்களும், 15 பாகை அளவில் கிளைவிட்ட பெரிய நட்சத்திரங்களும் தோன்றுகின்றன. ஜப்பானின் ஹொக்கைடோவில் உக்கிச்சிரோ நகாயா என்ற இயற்பியலாளர் 1936-இல் ஒரு முயல் மயிரின் மேல் செயற்கைப் படிகத்தை வளர்த்து, இந்த உறவை ஆய்வகத்திலேயே ஆராய்ந்தார். ஆறு பக்கம் அமைவதற்குக் காரணம், பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோண அமைப்பில் இணைவதே. அறுகோணத்தின் மூலைகள் வெளியே நீண்டிருப்பதால் காற்றிலுள்ள நீராவியை முதலில் பற்றுகின்றன. கிளைகள் அங்கிருந்து வளர்கின்றன.

உள்ளே வந்ததும் கண்டதை வரையலாம். கவராயத்தால் ஒரு வட்டம் வரைந்து, அதே விரிவை மாற்றாமல் வட்டத்தின் மேல் அடுத்தடுத்துக் குறியிட்டால் சரியாக ஆறு புள்ளிகள் கிடைக்கும். மையத்திலிருந்து ஆறுக்கும் கோடிழுத்து, ஒரு கிளையை மட்டும் கவனமாக வரைந்து மற்ற ஐந்திலும் அதைத் திரும்பச் செய்யுங்கள். உண்மையில் விழும் படிகங்களில் பெரும்பாலானவை ஒடிந்தோ சிதைந்தோ இருக்கும். கண்டதைக் கண்டபடி வரைந்து தேதியும் வெப்பநிலையும் குறித்த ஒரு குறிப்பேடு, அழகுபடுத்திய படங்களைவிட மதிப்புள்ளது. குளிர்ந்த உருப்பெருக்கியை உள்ளே கொண்டுவரும்போது மூடிய பையில் இட்டுச் சூடேற விட்டால் கண்ணாடியில் நீர் படியாது.

ஆறாம் படி: சன்னலோரப் பறவைகள்

வெளியே போக இயலாதவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கண்வேலை இல்லை. பனி மூடிய நாள்களில் பறவைகளுக்கு இரை கிடைப்பது அரிது. நீண்ட இரவின் குளிரைத் தாங்க அவற்றுக்குக் கொழுப்புச் சத்து தேவை. கறுப்பு ஓடுள்ள சூரியகாந்தி விதை பல வகைப் பறவைகளுக்கும் ஏற்றது. இரைத்தட்டைச் சன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள்ளாகவோ, பத்து மீட்டருக்கு அப்பாலோ வைக்க வேண்டும். இடைப்பட்ட தொலைவிலிருந்து கிளம்பும் பறவை வேகமெடுத்துக் கண்ணாடியில் மோதி உயிரிழக்கக்கூடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தட்டைக் கழுவி நன்கு உலர்த்திய பிறகே மீண்டும் விதை இட வேண்டும், இல்லையேல் நோய் பரவும். நாள்தோறும் ஒரே வேளையில் 15 நிமிடம் அமர்ந்து, எந்த வகையில் எத்தனை ஒரே நேரத்தில் தெரிந்தன என்று எழுதுங்கள். 1998-இல் வட அமெரிக்காவில் தொடங்கி, 2013 முதல் உலகெங்கும் நடந்துவரும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாள்கள் நடைபெறுகிறது. குறைந்தது 15 நிமிடம் பார்த்து எண்ணிய யாரும் தங்கள் பட்டியலை அதற்கு அனுப்பலாம்.

ஏழாம் படி: பலர் கூடிச் செய்வது

வீட்டில் பலர் இருந்தால் படப்புதிர் நல்லது. 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் புவியியல் கற்பிப்பதற்காக மரப்பலகையில் ஒட்டிய நிலப்படங்களை நாட்டெல்லைகளின் வழியே அறுத்து விற்றதிலிருந்து இது வளர்ந்தது. முதலில் 500 துண்டுகள் கொண்டதையே எடுங்கள். ஓரத்துண்டுகளைப் பிரித்துச் சட்டத்தைக் கட்டி, மற்றவற்றை நிறவாரியாகத் தட்டுகளில் ஒதுக்கி, வானம்போன்ற ஒரே நிறப் பகுதியைக் கடைசிக்கு விட்டுவிடலாம். அங்கு நிறம் உதவாது. துண்டின் வடிவத்தைக் கொண்டே பொருத்த வேண்டியிருக்கும். வருவோர் போவோர் ஓரிரு துண்டுகளைப் பொருத்திவிட்டுச் செல்லும்படி அது விரிந்தே கிடக்கட்டும்.

எட்டாம் படி: நேரத்தை வகுத்தல்

தொடக்கத்தில் நாளொன்றுக்கு 20 நிமிடமே போதும், ஆனால் அது ஒரே நேரத்தில் அமைய வேண்டும். அந்த நேரத்தில் கைப்பேசி வேறு அறையில் இருப்பது நல்லது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை தலையை உயர்த்தித் தொலைவில் உள்ள ஒன்றை 20 நொடி பார்த்தால் கண் களைப்பு குறையும். மணிக்கட்டிலோ கட்டைவிரலிலோ வலி தோன்றினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வேலையை எப்போதும் அடுத்த அசைவு இன்னதென்று தெரிந்த இடத்தில் நிறுத்துவது முக்கியமானது. சிறிது நேரம் எழுந்து செல்வதில் தொல்லையில்லை என்றாலும், வரிசையின் நடுவில் மறுநாள் வரை விட்டால் கண்ணிகள் நழுவக்கூடும் என்பதால் பின்னலை வரிசை முடிவில் நிறுத்தி, அடுத்து வரவேண்டியதை ஒரு சீட்டில் எழுதி அதன்மேல் வையுங்கள். மறுநாள் அமர்ந்தவுடன் கை தானாகத் தொடரும். சில நாள்கள் விட்டுப்போனால் ஈடுசெய்ய முயலாமல் அந்த 20 நிமிடத்திலிருந்தே மீண்டும் தொடங்குங்கள்.

இறுதிப் படி: பருவம் முடிந்ததும்

பனி உருகத் தொடங்கும்போது பறவைத்தட்டைக் கழுவி உள்ளே எடுத்துவைத்து, குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அடுத்த குளிர்காலத்துக்கு வேண்டிய பொருள்களை எழுதிவிடுங்கள். கம்பளி நூலையும் பின்னிய துணிகளையும் அழுக்கு நீங்கத் துவைத்து, முற்றிலும் உலர்ந்த பிறகு இறுக மூடும் பெட்டியில் வைக்க வேண்டும். வியர்வையும் அழுக்கும் படிந்த கம்பளியையே அந்துப்பூச்சியின் புழுக்கள் மிகுதியாக நாடுகின்றன. அரைகுறையாக நிற்கும் பின்னலை மாதக்கணக்கில் ஊசியிலேயே விட்டால் அந்த வரிசை தொய்ந்துபோகும். ஆகவே கண்ணிகளை வேறொரு வழவழப்பான நூலில் மாற்றிக் கோத்து, ஊசியின் தடிமன், கண்ணிகளின் எண்ணிக்கை, இதுவரை வந்த மேடுகள் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி அதனுடனேயே கட்டிவைக்க வேண்டும்.